டெர்மினலில் மெயில்: நியோமட்டில் தமிழ் உடைகிறது, அனுப்பினால் தொங்குகிறது

திருமங்கலம் டிடிபி:

அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம். திருமங்கலத்தில் டிடிபி கடை. கணினி பழைய பென்டியம் டூயல்கோர், 2 ஜிபி ராம், டெபியன் 12 லினக்ஸ், மேலே எக்ஸ்எஃப்சிஇ திரைமுகப்பு. பிரவுசரில் ஜிமெயிலையும் பக்கத்தில் பத்திரிகை டிசைன் கோப்பையும் சேர்த்துத் திறந்தால் மெஷின் நின்றுபோகிறது. முகூர்த்த மாதத்தில் தினம் 40, 50 மெயில் வரும், பெரும்பாலும் பிடிஎஃப், போட்டோ. அதனால் டெர்மினலில் (கட்டளை அடிக்கும் எழுத்துத் திரை) ஓடும் மெயில் நிரல் நியோமட் போட்டேன். நாலு இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறது.

ஒன்று, நியோமட்டையே நேராக ஐமேப்பில் (சர்வரில் இருக்கிற மெயிலைப் படிக்கும் முறை) இணைத்தேன். இன்பாக்ஸ் திறக்க நாலைந்து நிமிடம். பெரிய இணைப்பு உள்ள மெயிலைத் தொட்டால் திரை உறைந்துவிடுகிறது, எந்த விசைக்கும் அசையாது.

இரண்டு, அனுப்புவதற்கு எம்எஸ்எம்டிபி என்ற நிரல், போர்ட் 465. அனுப்பும் ஒய் விசையை அழுத்தியதும் அப்படியே நிற்கிறது. பிழைச் செய்திகூட வரவில்லை.

மூன்று, போனிலிருந்து எஸ்எஸ்எச் வழியாக (தூரத்திலிருந்து கடைக் கணினியின் டெர்மினலைத் திறக்கும் வழி) நுழைந்தால் தமிழ்ப் பொருள்வரி \340\256\244 என்று எண்ணாக வருகிறது. கடைத் திரையில் எழுத்து வருகிறது, ஆனால் ‘கெ’ எழுதினால் கொம்பு பின்னால் போய் நிற்கிறது.

நாலு, வந்த பிடிஎஃப்பை இறக்கி, திறந்து, அப்புறம் அச்சடிப்பதற்குப் பதில் உள்ளேயிருந்தே பிரிண்டருக்கு அனுப்ப வழி இருக்கா?

---

வைகைத்தென்கரை:

தம்பி, நாலுக்கும் நாலு வேற வேற காரணம். ஒரே அமைப்புக் கோப்பில் எல்லாத்தையும் மாத்தி மாத்திப் பார்த்தால் எதனால் சரியானது, எதனால் கெட்டது என்று தெரியாமல் போகும். மெயிலை இறக்குவது ஒரு வேலை, படிப்பது ஒரு வேலை, அனுப்புவது ஒரு வேலை. மூணுக்கும் தனித்தனி நிரல் வைத்து, ஒவ்வொன்றையும் தனியாக ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்ததைத் தொடுங்க. நான் இறக்குவதைச் சொல்கிறேன். கட்டளைகளை உச்சரிப்பில் எழுதுகிறேன், அடிக்கும்போது ஆங்கில எழுத்தில் அடிக்கணும்.

திரை உறைவதற்குக் காரணம், நியோமட் ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் செய்யும். 12 எம்பி இணைப்பை ஐமேப்பிலிருந்து இழுத்துக்கொண்டிருக்கும்போது விசைப்பலகையைப் பார்க்காது. இழுக்கும் வேலையை எம்பிசிங்க் என்ற தனி நிரலிடம் கொடுத்துவிட்டால் நியோமட் வட்டில் இருக்கிற கோப்புகளை மட்டும் படிக்கும், தொட்டவுடன் திறக்கும். டெபியனில் எம்பிசிங்க் வரும் பொதியின் பெயர் ஐசிங்க்.

முதலில் கடவுச்சொல். கூகுள் கணக்கில் இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கிவிட்டு ஆப் பாஸ்வேர்ட் (இந்த மாதிரி நிரலுக்கென்று கூகுள் தரும் தனிக் கடவுச்சொல்) எடுங்க. 16 எழுத்து, நாலு நாலாகப் பிரித்துக் காட்டும், இடைவெளி இல்லாமல் சேர்த்து எழுதணும். வழக்கமான கடவுச்சொல்லை வைத்து உள்ளே போகும் வழியைத் தனிநபர் கணக்குகளுக்கு 2022 மே மாதத்தோடு கூகுள் மூடிவிட்டது. இன்னொன்று, கணக்கின் முதன்மைக் கடவுச்சொல்லை மாற்றினால் எடுத்து வைத்த ஆப் பாஸ்வேர்ட் எல்லாம் செல்லாமல் போகும். “நேத்து வரைக்கும் ஓடுச்சு, இன்னைக்கு லாகின் தோல்வி” என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான். கடைக் கணினியில் நாலு பேர் கை வைப்பார்கள், அதனால் கடவுச்சொல்லை அமைப்புக் கோப்பில் பச்சையாக எழுதாதீங்க. ஜிபிஜி என்ற குறியாக்க நிரலில் பூட்டிய ஒரு கோப்பில் வைத்து, பாஸ்சிஎம்டி என்ற வரியில் அதைத் திறக்கும் கட்டளையைக் கொடுங்க.

வீட்டு அடைவில் .எம்பிசிங்க்ஆர்சி என்று கோப்பு. அதில் நாலு பகுதி. ஐமேப்அக்கவுண்ட் பகுதியில் ஹோஸ்ட் ஐமேப்.ஜிமெயில்.காம், யூசர், பாஸ்சிஎம்டி, எஸ்எஸ்எல்டைப் ஐமேப்ஸ். டெபியன் 12-இல் இருப்பது எம்பிசிங்க் 1.4, அதில் எஸ்எஸ்எல்டைப் சரி. 1.5-இலிருந்து அதன் பெயர் டிஎல்எஸ்டைப். இணையத்தில் கிடைக்கும் பழைய மாதிரிகளில் மாஸ்டர், ஸ்லேவ் என்று இருக்கும், 1.4 முதல் அவை ஃபார் (சர்வர்), நியர் (உங்கள் வட்டு). அடுத்து சர்வர் பக்கத்துக்கு ஐமேப்ஸ்டோர், அதற்கடுத்து வட்டுப் பக்கத்துக்கு மெயில்டிர்ஸ்டோர், கடைசியில் இரண்டையும் இணைக்கும் சேனல்.

இந்தக் கோப்பில் வெற்று வரிக்குப் பொருள் உண்டு. வெற்று வரி வந்தால் அந்தப் பகுதி முடிந்தது என்று கணக்கு. அழகுக்காக நடுவில் ஒரு வரி விட்டால் அதற்குக் கீழே உள்ளவை அந்தப் பகுதியில் சேராது. மெயில்டிர்ஸ்டோரில் பாத் என்ற வரி சாய்கோட்டில் முடியணும், இல்லாவிட்டால் அடைவுப் பெயரும் பெட்டிப் பெயரும் ஒட்டிக்கொண்டு புதிதாக ஒரு அடைவு முளைக்கும். அந்த அடைவை நீங்களே முன்கூட்டி உருவாக்கி வைக்கணும், இல்லையென்றால் ஸ்டோரைத் திறக்க முடியவில்லை என்று நிற்கும்.

சேனல் பகுதியில்தான் உங்கள் கடைக்கு வேண்டியது இருக்கிறது. பேட்டர்ன்ஸ் வரியில் இன்பாக்ஸ் மட்டும். ஜிமெயிலின் ‘ஆல் மெயில்’ பெட்டியையும் சேர்த்தால் ஒவ்வொரு மெயிலும் இரண்டு தடவை இறங்கும். கிரியேட் நியர், எக்ஸ்பஞ்ச் நன் என்று தொடங்குங்க. எக்ஸ்பஞ்ச் போத் என்று இணையத்தில் பலர் எழுதுவார்கள். அப்படிப் போட்டால் இங்கே அழித்தது அங்கேயும் அழியும். கை பழகும் வரைக்கும் அது வேண்டாம்.

மேக்ஸ்மெசேஜஸ் 300 என்று வைத்தால் கடைசி 300 மெயில்தான் உங்கள் வட்டில் இருக்கும். ஆனால் படிக்காத மெயிலை இந்தக் கணக்கில் அது சேர்க்காது, அதையெல்லாம் முக்கியம் என்று எடுத்துக்கொண்டு இறக்கும். இன்பாக்ஸில் 6,000 படிக்காத விளம்பர மெயில் கிடந்தால் 6,000-மும் வரும். ஒன்று, போனில் எல்லாத்தையும் படித்ததாகக் குறித்துவிடுங்க. இல்லை, எக்ஸ்பயர்அன்ரெட் யெஸ் என்று ஒரு வரி சேருங்க. ஜிமெயில் ஐமேப்பில் ஒரு நாளைக்கு 2,500 எம்பி-தான் இறக்க விடும். தாண்டினால் கணக்கையே கொஞ்ச நேரம் முடக்கி வைக்கும். முதல் நாள் அவசரப்பட்டு எல்லாப் பெட்டியையும் இழுத்தால் மறுநாள் கடையில் மெயிலே பார்க்க முடியாமல் போகும்.

மேக்ஸ்சைஸ் 1எம் என்று ஒரு வரி. ஒரு எம்பிக்கு மேற்பட்ட மெயில் வந்தால் தலைப்பு உள்ள சின்னக் குறிப்பு மெயில் மட்டும் இறங்கும், உடம்பு சர்வரிலேயே இருக்கும். வேண்டியதன் மேல் நின்று பெரிய எஃப் அழுத்தி, டாலர் குறி அழுத்துங்க. அடுத்த தடவை எம்பிசிங்க் ஓடும்போது அந்த மெயில் முழுசாக வந்து சேரும். இந்தக் கொடியும் ஜிமெயிலின் நட்சத்திரமும் ஒன்றுதான். கடையில் ஆள் இல்லாத நேரம் போனில் ஒரு மெயிலுக்கு நட்சத்திரம் போட்டாலும் கடைக் கணினி அதை முழுசாக இறக்கி வைத்திருக்கும். சிக்னல் குறைவான இடத்தில் இதைவிட உபயோகமான அமைப்பு இதில் இல்லை.

இறங்கியதும் அடைவுக்குள் போய்ப் பாருங்க: நியூ, கர், டெம்ப் என்று மூணு அடைவு. ஒரு மெயிலுக்கு ஒரு கோப்பு. படித்த பிறகு கோப்பு நியூ-விலிருந்து கர்-க்கு நகர்ந்து, பெயரின் வாலில் ‘:2,எஸ்’ என்று சேரும். எஸ் என்றால் பார்த்தாச்சு, ஆர் என்றால் பதில் போட்டாச்சு, எஃப் என்றால் கொடி. மெயிலின் நிலை எல்லாம் கோப்புப் பெயரிலேயே இருக்கிறது. அந்த முக்காற்புள்ளியால்தான் இந்த மெயில் அடைவை (மெயில்டிர்) பென்டிரைவில் வைக்க முடியாது. ஃபேட் வடிவ பென்டிரைவ் பெயரில் முக்காற்புள்ளியை ஏற்காது. காப்பு எடுக்கணும் என்றால் முதலில் டார் கோப்பாகக் கட்டி அப்புறம் நகலெடுங்க.

எம்பிசிங்க் கையால் ஓட்டி ஒழுங்காக முடிந்த பிறகு கிரானில் (குறித்த நேரத்தில் கட்டளையைத் தானாக ஓட்டுவது) ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை வையுங்க. அதுக்கு முன்னாடி வைத்தால் பிழைச் செய்தி உங்கள் கண்ணில் படாது.

---

ஒத்தக்கடை சர்வர்:

அனுப்புவது தொங்குவதற்கு ஒரே ஒரு வரிதான் காரணம். போர்ட் 465 என்றால் இணைத்த நொடியிலிருந்தே குறியாக்கம். 587 என்றால் முதலில் வெறுமனே பேசி, அப்புறம் ஸ்டார்ட்டிஎல்எஸ் சொல்லிக் குறியாக்கத்துக்கு மாறும். எம்எஸ்எம்டிபி-யில் ஒன்றும் சொல்லாமல் டிஎல்எஸ் ஆன் மட்டும் போட்டால் இரண்டாவது முறையைத்தான் எடுத்துக்கொள்ளும். 465-இல் சர்வர் நீங்கள் குறியாக்கத்தைத் தொடங்குவீர்கள் என்று காத்திருக்கும், எம்எஸ்எம்டிபி சர்வர் முதலில் வணக்கம் சொல்லட்டும் என்று காத்திருக்கும். ரெண்டு பேரும் வாய் திறக்காததால் பிழைச் செய்தியும் வராது. டிஎல்எஸ்_ஸ்டார்ட்டிஎல்எஸ் ஆஃப் என்று ஒரு வரி சேருங்க, இல்லாவிட்டால் போர்ட்டை 587 ஆக்குங்க. கூடவே டைம்அவுட் 30 என்று வைத்தால் இனி எதற்காகத் தொங்கினாலும் அரை நிமிடத்தில் காரணத்தோடு திரும்பி வரும்.

நியோமட்டை மூடிவிட்டு எம்எஸ்எம்டிபி-யைத் தனியாகச் சோதியுங்க. எம்எஸ்எம்டிபி --சர்வர்இன்ஃபோ என்று ஓட்டினால் சர்வரோடு கைகுலுக்கல் நடக்கிறதா, சான்றிதழ் சரியா என்று மட்டும் சொல்லும், மெயில் எதுவும் போகாது. அது சரியானால் ஒரு வரி உரையை எக்கோ வழியாக உங்கள் முகவரிக்கே அனுப்பிப் பாருங்க. அதுவும் போனால்தான் நியோமட்டில் சென்ட்மெயில் மாறியை எம்எஸ்எம்டிபி-க்குத் திருப்பணும்.

அப்புறமும் தோற்றால் நியோமட் ஒரு எண் சொல்லும். 68 என்றால் சர்வர் பெயரைக் கண்டுபிடிக்க முடியவில்லை, பெரும்பாலும் நெட் இல்லை. 75 என்றால் தற்காலிகத் தடை, கொஞ்சம் கழித்து முயலலாம். 77 என்றால் அனுமதி இல்லை, ஆப் பாஸ்வேர்டைப் பாருங்க. 78 என்றால் அமைப்புக் கோப்பில் எழுத்துப்பிழை. கடவுச்சொல் உள்ளேயே எழுதியிருந்தால் .எம்எஸ்எம்டிபிஆர்சி-யின் அனுமதி 600 ஆக இருக்கணும், மற்றவர் படிக்கும்படி இருந்தால் எடுக்காது. நீங்கள் ஜிபிஜி வழி போனால் பாஸ்வேர்ட்இவல் என்ற வரி, வேலை அதேதான்.

பழைய மெஷின் என்பதால் இதையும் பாருங்க. தாய்ப்பலகையில் உள்ள சிஆர்2032 பேட்டரி செத்துப்போயிருந்தால் கரண்ட் போய் வந்ததும் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். அன்றைய தேதியில் கூகுளின் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. அதனால் டிஎல்எஸ் சான்றிதழ் செல்லாது என்று எம்எஸ்எம்டிபி, எம்பிசிங்க் இரண்டும் ஒரே நேரத்தில் மறுக்கும். கடவுச்சொல்லை மாற்றிப் பயனில்லை. டேட் என்று அடித்துப் பாருங்க, தேதி தப்பாக இருந்தால் பேட்டரியை மாற்றுங்க.

ஜிமெயில் வழியாக அனுப்பினால் அனுப்பியதன் நகலைக் கூகுளே சென்ட் பெட்டியில் வைக்கும். நியோமட்டில் ரெக்கார்ட் மாறியை வெறுமையாக விடுங்க, இல்லையென்றால் எல்லாம் இரட்டையாகும்.

ப்ரூஃப் அனுப்புவதற்கு நியோமட்டைத் திறக்கவே வேண்டாம். நியோமட் -எஸ், பொருள் மேற்கோளுக்குள், -ஏ, கோப்பின் பெயர், இரண்டு சிறுகோடு, பெறுநர் முகவரி, கடைசியில் உரைக் கோப்பை உள்ளே திருப்பும் அம்புக்குறி. நடுவில் அந்த இரண்டு சிறுகோட்டை விட்டால் -ஏ-க்குப் பின்னால் வருவதை எல்லாம் கோப்பு என்றே எடுத்துக்கொள்ளும். பெறுநர் முகவரியையும் ஒரு கோப்பு என்று தேடி, இணைக்க முடியவில்லை என்று சொல்லும். இதில் தடுமாறாதவர் குறைவு.

ஜிமெயிலில் 25 எம்பி வரம்பு உண்டு, அதுக்குப் பக்கத்தில் போகும்போது மெயிலின் மொத்த எடையையும் பாருங்க. இணைப்பு பேஸ்64 ஆக (எந்தக் கோப்பையும் வெறும் ஆங்கில எழுத்தாக்கி அனுப்பும் முறை) மாறும்போது ஒவ்வொரு 3 பைட்டும் 4 எழுத்தாகும், வரி முறிவும் சேரும். 18 எம்பி பிடிஎஃப் கிட்டத்தட்ட 24.6 எம்பி ஆகிவிடும். 20 எம்பி கோப்பு முழுக்க மேலேறி முடிந்த பிறகு நிராகரிக்கப்பட்டால் அம்புட்டு நேரமும் வீண். 18-க்கு மேல் போனால் டிரைவில் போட்டு இணைப்பு முகவரி கொடுங்க.

---

நாகமலை உமா:

தமிழுக்கு நான் சொல்றேன். ரெண்டு கோளாறையும் கலக்க வேண்டாம் தம்பி.

\340\256\244 என்பது எட்டடிமான எண்ணில் எழுதிய மூன்று பைட். யுடிஎஃப்-8-இல் தமிழ் எழுத்துக்குறி ஒவ்வொன்றும் மூன்று பைட், முதலாவது எப்பவும் 340, இரண்டாவது 256 அல்லது 257. நீங்க எழுதியது ‘த’. மெயில் நல்லாத்தான் வந்திருக்கு. எஸ்எஸ்எச் வழியாக வரும் அமர்வில் லாங் மாறி (மொழியையும் எழுத்துக் குறியாக்கத்தையும் சொல்லும் அமைப்பு) இல்லாததால் நியோமட் அது ஆங்கிலம் மட்டும் தெரிந்த ஆஸ்கி திரை என்று நினைச்சுக்கிட்டு எண்ணாகக் காட்டுது. அந்த அமர்வில் லோகேல் சார்மேப் என்று அடிங்க. யுடிஎஃப்-8 என்று வராமல் ஆன்சி_எக்ஸ்3.4-1968 என்று வந்தால் இதுதான் காரணம். .ப்ரொஃபைல் கோப்பில் லாங் மாறிக்கு சி.யுடிஎஃப்-8 என்று கொடுத்து ஏற்றுமதி செய்யுங்க, டெபியனில் அது எப்பவும் இருக்கும். நியோமட்டின் சார்செட் மாறியைத் தொடாதீங்க. லாங் சரியா இருந்தால் அதுவே புரிந்துகொள்ளும். கையால் மாற்றினால் திரையும் நிரலும் வேற வேற கணக்கு வைத்துக்கொள்ளும்.

கொம்பு இடம் மாறுவது டெர்மினலின் குறை. எக்ஸ்எஃப்சிஇ டெர்மினலின் அடியில் இருக்கிற விடிஇ நூலகம் எழுத்துகளைச் சேர்த்து வடிவமைக்காது, வந்த வரிசையில் கட்டம் கட்டமாக வைக்கும். யுனிகோடில் ‘கெ’ என்பது முதலில் க, அப்புறம் கொம்பு. அந்த வரிசையிலேயே வைத்தால் கொம்பு பின்னால்தான் நிற்கும். எழுத்துருவை எத்தனை தடவை மாற்றினாலும் இது தீராது. எம்எல்டெர்ம் என்ற டெர்மினல் போடுங்க, பழைய மெஷினுக்கும் பாரம் இல்லை. அமைப்பில் எழுத்துரு வகை எக்ஸ்எஃப்டி அல்லது கெய்ரோ, ஓபன்டைப் லேஅவுட் இயக்கம். ராம் கூடுதலா இருந்தால் கான்சோல் என்ற டெர்மினலும் நல்லாக் காட்டும்.

அப்பவும் பட்டியலில் நேர்கோடு கொஞ்சம் நெளியும். காரணம் இது. புள்ளியும் ஈகாரக் குறியும் யுனிகோட் கணக்கில் இடம் பிடிக்காத குறிகள், இகரம், கால், கொம்பு எல்லாம் இடம் பிடிக்கிற குறிகள். அதனால் ‘கீ’-க்கு ஒரு கட்டம், ‘கி’-க்கு இரண்டு கட்டம் என்று ஒரு நிரல் எண்ணும். டெர்மினல் வேற மாதிரி எண்ணினால் அதற்கு வலப்பக்கம் உள்ளது எல்லாம் நகரும். மெயில் பட்டியலின் வரியை அமைக்கும் இன்டெக்ஸ்_ஃபார்மேட்டில் எண், கொடி, தேதி, அளவு நாலையும் முன்னால் வைத்து அனுப்புநர் பெயரையும் பொருளையும் கடைசிக்குத் தள்ளுங்க. நெளிவு வரி முடிவோடு போய்விடும், தேதியும் அளவும் நேரா நிற்கும்.

தமிழில் பதில் எழுத டெர்மினல் எடிட்டரை வைத்துப் போராட வேண்டாம். எடிட்டர் மாறியில் ஜீனி -ஐ என்று கொடுங்க. தனிச் சாளரத்தில் தமிழ் சுத்தமாத் தெரியும், சேமித்து மூடினால் நியோமட்டுக்குத் திரும்பும்.

தேடுவதைப் பற்றியும் சொல்லிடறேன். மெயில்டிர் என்பது வெறும் கோப்புதானே என்று கிரெப் (கோப்புக்குள் சொல் தேடும் கட்டளை) போட்டால் தமிழ்ச் சொல் கிடைக்காது. தமிழ் மெயிலின் உடம்பு பெரும்பாலும் பேஸ்64 ஆகத்தான் கோப்பில் இருக்கும். நாட்மச் என்ற மெயில் தேடும் நிரலைப் போட்டு, எம்பிசிங்க் முடிந்ததும் நாட்மச் நியூ ஓடும்படி வையுங்க. அதற்கு ஆங்கிலச் சொல்லின் விகுதியை வெட்டத் தெரியும், தமிழுக்குத் தெரியாது. ‘பத்திரிகை’ என்று தேடினால் ‘பத்திரிகையில்’, ‘பத்திரிகைக்கு’ அகப்படாது. பின்னால் நட்சத்திரக் குறி போட்டு ‘பத்திரிகை*’ என்று தேடுங்க. ‘மண்டபம்’ மாதிரி மகர ஈற்றுச் சொல்லுக்கு ‘மண்டப*’ என்று மகரத்தை விட்டுத் தேடணும், அப்பத்தான் ‘மண்டபத்தில்’ வரும்.

---

திருமங்கலம் டிடிபி:

465-க்கு அந்த ஒரு வரி போட்டதும் அனுப்புவது ஓடிவிட்டது. லாங் வைத்ததும் எஸ்எஸ்எச்-இலும் தமிழ் வருகிறது. மேக்ஸ்சைஸ் வைத்து, கொடி போட்டதை மட்டும் இறக்குகிறேன்.

இப்போது இருப்பவை. ஜீனி வைத்துப் பதில் எழுதத் தொடங்கினால், எழுதி முடிக்கும் முன்பே ‘மாற்றம் இல்லாத மெயில் கைவிடப்பட்டது’ என்று நியோமட் சொல்கிறது, எப்போதும் இல்லை, சில நேரம் மட்டும். அழிக்கும் விசையை அழுத்தினால் சில நேரம் விசைக்கு வேலை ஒதுக்கப்படவில்லை என்கிறது. 20 வருடப் பழைய மெயில் ஒன்று வாடிக்கையாளர் முன்னனுப்பினார், முழுக்கக் கிறுக்கலாக இருக்கிறது. அச்சடிப்பதும் பாக்கி.

---

நாகமலை உமா:

சில நேரம் மட்டும் என்றால் அப்போது ஜீனி ஏற்கெனவே திறந்திருக்கும், அமைப்பில் -ஐ விடுபட்டிருக்கும். அப்படி இருந்தால் புதிதாக அழைத்த ஜீனி கோப்பைத் திறந்திருக்கிற சாளரத்துக்குக் கை மாற்றிவிட்டு உடனே முடிந்துவிடும். எடிட்டர் மூடியாச்சு, உரையில் ஒரு எழுத்தும் மாறவில்லை என்று நியோமட் கணக்கெடுத்துக் கைவிட்டுவிடும். -ஐ என்பது தனிச் சாளரம் திற என்பதற்கு. மேற்கோளுக்குள் ஜீனி, இடைவெளி, சிறுகோடு ஐ என்று சேர்ந்தே இருக்கான்னு பாருங்க.

விசைக் கோளாறு தமிழ்99 விசைப்பலகையால். தமிழில் எழுதிட்டுத் திரும்பி வரும்போது உள்ளீடு தமிழிலேயே நிற்கும். அழிக்கும் விசை இருக்கிற இடத்தில் தமிழ்99-இல் உ, வெளியேறும் விசையில் ஆ, அனுப்பும் ஒய் விசையில் ள. நியோமட்டுக்கு உ என்றால் ஒன்றுமில்லை. உள்ளீட்டு மொழியை மாற்றும் ஐபஸ்ஸில் ஒவ்வொரு சாளரத்துக்கும் தனி உள்ளீடு என்ற தேர்வு இருக்கு, ‘எல்லாச் சாளரத்துக்கும் ஒரே உள்ளீட்டு முறை’ என்பதில் உள்ள குறியை எடுங்க. ஜீனி தமிழில் நிற்கும், டெர்மினல் ஆங்கிலத்தில் நிற்கும்.

பழைய மெயில் பெரும்பாலும் திஸ்கியாக (யுனிகோட் பரவுவதற்கு முந்தைய தமிழ்க் குறியாக்கம்) இருக்கும். மெயிலைத் திறந்து கன்ட்ரோல்-இ அழுத்தினால் உள்ளடக்க வகையை மாற்றச் சொல்லும். அங்கே சார்செட் என்ற இடத்தில் டிஎஸ்சிஐஐ என்று ஆங்கிலத்தில் கொடுங்க. லினக்ஸோடு வரும் ஜிலிப்சியின் குறியாக்க மாற்றி ஐகான்வ்-க்குத் திஸ்கி தெரியும், அந்த நொடியே தமிழாகிவிடும். அந்தக் கால மெயில்களில் எழுத்துக் குறியாக்கம் எக்ஸ்-யூசர்-டிஃபைன்ட் என்றே குறித்திருக்கும். அதை மட்டும் சார்செட்-ஹுக் வைத்துத் திஸ்கிக்கு நிரந்தரமாகத் திருப்பலாம். ஐஎஸ்ஓ-8859-1 என்று குறித்ததைத் திருப்பாதீங்க, ஐரோப்பிய மொழி மெயில் எல்லாம் கெட்டுப்போகும். கிறுக்கல் சாதாரண ஆங்கில எழுத்தும் நடுநடுவே அரைப்புள்ளியுமாக இருந்தால் அது பாமினி எழுத்துரு, அரைப்புள்ளிதான் அதில் புள்ளி. அதற்கு ஐகான்வ் உதவாது, எழுத்துரு மாற்றியில் போட்டுத்தான் எடுக்கணும்.

இணைப்பை மறந்துவிட்டு ப்ரூஃப் மெயில் போவதைத் தடுக்க அபார்ட்_நோஅட்டாச் மாறியை ஆஸ்க்-யெஸ் என்று வையுங்க. அதன் தேடுகோவையில் ஆங்கிலச் சொல் மட்டும் இருக்கும், ‘இணைத்து|இணைப்பில்’ என்று நீங்க சேர்க்கணும். வெறும் ‘இணை’ போட்டால் இணையம், இணையதளம் என்று எழுதும்போதெல்லாம் நிறுத்திக் கேட்கும்.

---

வைகைத்தென்கரை:

அச்சடிப்புக்கு வீட்டு அடைவில் .மெயில்கேப் கோப்பு, எந்த வகை இணைப்பை எதில் திறப்பது என்று அதுதான் சொல்லும். அதில் பிடிஎஃப் வகைக்கு ஒரு வரி: பார்க்க ஸதுரா என்ற பிடிஎஃப் நிரல், பிரிண்ட்= என்ற பகுதியில் அச்சுக் கட்டளை எல்பி, தாள் ஏ4, ஃபிட்-டு-பேஜ், கடைசியில் விழுக்காட்டுக் குறியோடு எஸ். அந்த விழுக்காடு-எஸ்ஸைச் சுற்றி மேற்கோள் போடக் கூடாது, நியோமட்டே போட்டுக்கொள்ளும். மெயிலில் வி அழுத்தினால் இணைப்புப் பட்டியல் வரும், வேண்டியதன் மேல் நின்று சின்ன பி. பல இணைப்பு என்றால் டேக் விசையால் ஒவ்வொன்றையும் குறித்துவிட்டு, அரைப்புள்ளி, பி.

போனிலிருந்து வரும் பிடிஎஃப் பல நேரம் பிடிஎஃப் என்று அடையாளம் சொல்லாமல் ஆக்டெட்-ஸ்ட்ரீம் என்று வரும். அப்போது மெயில்கேப் வரி பொருந்தாமல் நியோமட் அதை உரை என்று நினைத்துக் காட்டும், திரை முழுக்கக் கிறுக்கல். நியோமட்டின் அமைப்புக் கோப்பு நியோமட்ஆர்சி-யில் மைம்_லுக்அப் அப்ளிகேஷன்/ஆக்டெட்-ஸ்ட்ரீம் என்று ஒரு வரி போட்டால் கோப்பின் வால்பெயரை வைத்து வகையைத் தீர்மானிக்கும். முதலில் என்டர் அடித்து ஸதுராவில் திறக்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் பி அழுத்துங்க.

தமிழ்ப் பெயர் வைத்த கோப்பு பட்டியலில் =?யுடிஎஃப்-8? என்று தொடங்கிக் கிறுக்கலாக வந்தால் ஆர்எஃப்சி2047_பாராமீட்டர்ஸ் யெஸ் வையுங்க. திறக்கும்போது தற்காலிகப் பெயரில் தமிழுக்குப் பதில் அடிக்கோடு வரும், அது பாதுகாப்புக்காக. எஸ் அழுத்திச் சேமித்தால் தமிழ்ப் பெயர் அப்படியே இருக்கும்.

அப்புறம் மற்றப் பெட்டிகளையும் இறக்கணும் என்று தோன்றும்போது ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்க. ஜிமெயிலின் முகப்பு மொழி தமிழாக இருந்தால் சென்ட், டிராஃப்ட் பெட்டிகளின் பெயரும் ஐமேப்பில் தமிழாகவே வரும், அதுவும் ‘&’ குறியில் தொடங்கும் குறியீட்டு வடிவில். இங்கிலாந்து ஆங்கிலமாக இருந்தால் டிராஷுக்குப் பதில் பின். மாதிரிக் கோப்பில் உள்ள பெயரை நகலெடுத்தால் அப்படி ஒரு பெட்டி இல்லை என்று சொல்லும். எம்பிசிங்க் -எல், பின்னால் சேனல் பெயர் என்று ஓட்டுங்க, உங்கள் கணக்கில் உள்ள பெயர்களை வரிசையாகக் காட்டும். பேட்டர்ன்ஸ் வரியில் முதலில் விண்மீன் குறி போட்டுவிட்டு இதை ஓட்டணும், இன்பாக்ஸ் மட்டும் இருந்தால் அதை மட்டும்தான் காட்டும். பெயர்களைக் குறித்துக்கொண்டதும், எம்பிசிங்க் அடுத்து ஓடுவதற்கு முன்னால் விண்மீனை எடுத்துவிடுங்க. கிரானில் ஐந்து நிமிடம் வைத்திருப்பீர்கள், அதனால் இந்த வேலை முடியும் வரைக்கும் அந்த வரியை நிறுத்தி வையுங்க.